பெயர் தெரியாத குரல்: பறவை அறிஞர் சலீம் அலியின் வாழ்வும் தேடலும்

பினாங்குத் தீவின் மேற்கே பாலிக் புலாவ் பக்கம் இரவு தங்கியவர்களுக்கு அந்தக் குரல் பழக்கமாக இருக்கும். பொழுது சாய்ந்து, மரங்கள் கறுத்துத் தெரியும் நேரத்தில் தொடங்கும். தொக், தொக், தொக் என்று யாரோ மரப்பலகையைத் தட்டுவதுபோல் ஒரே சீராகக் கேட்கும். சிறிது நிற்கும். மீண்டும் தொடங்கும். விளக்கை எடுத்துக்கொண்டு தேடிப் போனால் ஓசை நின்றுவிடும். ஒன்றும் கண்ணில் படாது.

பால்மரக் காட்டில் வாழ்நாளைக் கழித்த எங்கள் பாட்டிக்கு இந்தக் குரல் பிடிக்காது. லயத்துக்குப் பின்னால் அது கேட்கத் தொடங்கினால் பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திவிடுவார். அது என்னவென்று கேட்டால் பதில் வராது. இரவில் கத்துவதன் பெயரைக் கேட்கக் கூடாது என்பது மட்டுமே வரும். பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் அதன் பெயர் எனக்குத் தெரிந்தது. அது பக்கி என்னும் இரவுப்பறவை. பகலெல்லாம் காய்ந்த சருகோடு சருகாகத் தரையில் படுத்திருக்கும். காலடியில் இருந்தாலும் தெரியாது. மலாய்க்காரர்கள் அதைத் தச்சன் என்ற பொருளில் பூருங் துக்காங் என்கிறார்கள். அது எத்தனை முறை தட்டும் என்று பந்தயம் கட்டுகிற வழக்கமும் இந்த நாட்டில் இருந்தது. ஒரே குரல் ஒரு வீட்டில் அச்சம், இன்னொரு வீட்டில் விளையாட்டு!

பெயர் தெரிந்த அன்று எனக்கு ஏற்பட்டது பெரிய மகிழ்ச்சி ஒன்றும் அன்று, சிறிய வெட்கம்தான். இத்தனை ஆண்டு கேட்டும் யாரிடமும் போய்க் கேட்கவில்லையே என்ற வெட்கம். அந்த வெட்கம் என்னை ஒரு மனிதரின் வாழ்க்கையைப் படிக்க வைத்தது. தமக்குத் தெரியாத ஒரு பறவையைக் கையில் எடுத்துக்கொண்டு, தெரிந்தவரைத் தேடிப் போய்க் கேட்ட சிறுவன் ஒருவனின் வாழ்க்கை அது. இந்தியாவின் பறவை மனிதர் என்று பின்னாளில் உலகம் அறிந்த சலீம் அலி அவர்களின் வாழ்க்கை.

கையில் இருந்த குருவி

சலீம் மொய்சுதீன் அப்துல் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். வீட்டில் கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தையை இழந்தார். மூன்று வயதில் தாயையும் இழந்தார். பிள்ளையில்லாத தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜியும் அத்தை ஹமீதா பேகமும் கேத்வாடி பகுதியில் இருந்த தங்கள் வீட்டில் அண்ணன் தம்பி அக்காள் தங்கைகளோடு அவரையும் சேர்த்து வளர்த்தார்கள்.

மாமா வேட்டைப் பிரியர். அந்தக் காலத்து வசதியான வீட்டுப் பிள்ளைகளைப் போலச் சலீமுக்கும் ஒரு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. பத்து வயதை ஒட்டிய ஒரு நாளில் அவர் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவி ஒன்றின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. அவர் அதுவரை கண்ட குருவிகளில் அது இல்லை. மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். மாமாவுக்கும் தெரியவில்லை. தெரியாததை மறைக்காமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய்க் கேள் என்று அனுப்பிவைத்தார். 1883இல் தொடங்கப்பட்ட அந்தக் கழகத்தில் உறுப்பினராக இருந்த வெகுசில இந்தியர்களில் அவரும் ஒருவர்.

கழகத்தின் செயலாளராக இருந்தவர் மில்லார்ட் என்னும் வெள்ளையர். ஆங்கிலேயர் ஆட்சிக் காலம். துணியில் சுற்றிய ஒரு செத்த குருவியோடு அவர் முன்னே போய் நின்ற சிறுவனுக்கு எத்தனை நடுக்கம் இருந்திருக்கும்! மில்லார்ட் சிரித்து ஒதுக்கவில்லை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். பாடம் செய்து அடுக்கி வைத்திருந்த பறவை உடல்களைப் பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினார். படிக்க நூல்கள் கொடுத்தார். பறவையைப் பாடம் செய்யும் முறையையும் கற்க வழி செய்தார். ஒரு கேள்விக்கு ஒருவர் பொறுமையாகப் பதில் சொன்னதால் ஒரு வாழ்க்கையின் திசை மாறியது. பின்னாளில் சலீம் அலி தம் தன்வரலாற்றுக்கு அந்தக் குருவியின் வீழ்ச்சியையே பெயராக வைத்தார். 1985இல் அந்நூல் வெளிவந்தது.

பட்டம் இல்லாத படிப்பு

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் மாணவர்களுக்கு ஆறுதலான ஒரு செய்தி: சலீம் அலி படிப்பில் கெட்டிக்காரர் அல்லர். பதின்மூன்று வயதளவில் தொடங்கிய ஓயாத தலைவலி அவரைப் பள்ளியிலிருந்து அடிக்கடி பிரித்தது. காற்று மாறினால் நல்லது என்று உறவினர் வீட்டுக்குச் சிந்து மாகாணத்துக்கு அனுப்பினார்கள். 1913இல் தட்டுத்தடுமாறி மெட்ரிக்குலேஷன் தேறினார். செயின்ட் சேவியர் கல்லூரியில் முதலாண்டே திணறிப்போய், படிப்பை விட்டுவிட்டுப் பர்மாவுக்குக் கப்பலேறினார்.

பர்மாவில் தவாய் என்னும் ஊரில் குடும்பத்தாருக்கு வுல்ஃப்ரம் சுரங்கமும் மரத்தொழிலும் இருந்தன. நம் தீபகற்பத்துக்கு வடக்கே, இதே அந்தமான் கடற்கரையில் உள்ள ஊர் அது. கணக்கு வழக்குப் பார்க்கப் போனவரைச் சுற்றியிருந்த காடு இழுத்துக்கொண்டது. தொழில் அவருக்கு வரவில்லை, பறவை வந்தது. 1917இல் பம்பாய் திரும்பி வணிகச் சட்டமும் கணக்கியலும் படிக்கச் சேர்ந்தார். அவருடைய உண்மையான நாட்டத்தைக் கண்டுகொண்ட பாதிரியார் பிளாட்டர், செயின்ட் சேவியர் கல்லூரியில் விலங்கியலும் படிக்கத் தூண்டினார். 1918இல் தெஹ்மினா பேகத்தை மணந்தார்.

இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் பணி ஒன்று இருந்தது. முறையான பட்டம் இல்லை என்பதால் அது அவருக்குக் கிடைக்கவில்லை. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் மக்களுக்கு விளக்கம் சொல்லும் வழிகாட்டி விரிவுரையாளர் பணியில் அமர்ந்தார். சொன்னதையே சொல்லும் வேலை சில ஆண்டுகளில் அலுத்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போனார். பெர்லின் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெஸ்மான் என்னும் பேரறிஞர் அவரை ஏற்றுக்கொண்டார். செத்த பறவையின் தோலை அளந்து பெயரிடுவதோடு நிற்காமல், உயிருள்ள பறவை எப்படி வாழ்கிறது என்று கவனிப்பதே அறிவியல் என்ற புதிய பார்வை சலீம் அலிக்கு அங்கே கிடைத்தது.

1930இல் ஊர் திரும்பியபோது அருங்காட்சியக வேலை இல்லை. பணமில்லை என்று பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள். வயது முப்பத்து மூன்று, மனைவி இருக்கிறார், வருமானம் இல்லை.

கிணற்றடியில் கிடைத்த விடை

வாடகை கட்ட முடியாமல் கணவனும் மனைவியும் பம்பாய்த் துறைமுகத்துக்கு அப்பால் உள்ள கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூருக்குப் போய்க் குடியிருந்தார்கள். அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேலையில்லாதவருக்கு நேரத்துக்கா பஞ்சம்? நாள்தோறும் உட்கார்ந்து பார்த்தார்.

தூக்கணாங்குருவியின் கூட்டை நம் முன்னோர் வியந்து பாடியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கூட்டுக்குள் நடக்கும் குடும்பக் கதை அதுவரை ஒழுங்காகப் பதிவாகவில்லை. ஆண்குருவி கூட்டைப் பாதி வரை கட்டுகிறது. பெண்குருவிகள் வந்து கூடுகளைச் சோதித்துப் பார்க்கின்றன. பிடித்துப்போன கூட்டில் ஒரு பெண் குடிபுகுந்து முட்டையிடுகிறது. அப்பாடா என்று ஆண் ஓய்வதில்லை. அடுத்த கூட்டைக் கட்டத் தொடங்கி அடுத்த துணைக்குக் காத்திருக்கிறது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பருவத்தில் அதற்குப் பல குடும்பங்கள். இந்தக் கண்டுபிடிப்பை எழுதி வெளியிட்டபோதுதான் பறவையியல் உலகம் சலீம் அலி என்ற பெயரைக் கவனித்தது. வேலை போன ஆண்டுதான் அவருடைய பெயரை நிலைநாட்டிய ஆண்டாகவும் அமைந்தது.

அதன்பின் அவர் செய்த ஏற்பாடு துணிச்சலானது. பல சமஸ்தானங்களின் பறவைகளைப் பற்றிச் சரியான பட்டியலே இல்லை. பயணச் செலவை மட்டும் கொடுங்கள், ஊதியம் வேண்டாம், உங்கள் நாட்டுப் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன் என்று மன்னர்களிடம் முன்வந்தார். 1931–32இல் ஐதராபாத், 1933இல் திருவிதாங்கூரும் கொச்சியும், பிறகு மைசூர், போபால், கட்ச் என்று பயணம் நீண்டது. மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் காடு காடாக அலைந்தார். கூடாரத்தில் தெஹ்மினாவும் உடனிருந்தார். 1939இல் சிறியதோர் அறுவை மருத்துவத்துக்குப் பின் தெஹ்மினா காலமானார். சலீம் அலி மறுமணம் செய்யவில்லை. பம்பாயில் அக்காளும் மைத்துனரும் தந்த வீட்டு மூலையில் இருந்துகொண்டு, எஞ்சிய நாளெல்லாம் பறவைகளுக்கே கொடுத்தார்.

1941இல் வெளியான அவருடைய இந்தியப் பறவைகள் நூல், பறவை பார்ப்பதை வெள்ளைக்கார அதிகாரிகளின் பொழுதுபோக்கு என்ற நிலையிலிருந்து சாதாரண இந்தியரின் கைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கப் பறவையியலாளர் டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து அவர் எழுதிய பத்துத் தொகுதிகள் 1968 முதல் 1974 வரை வந்தன. இந்தியாவோடு பாகிஸ்தான், நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளின் பறவைகளையும் தழுவிய பெருநூல் அது.

மலாயாவிலிருந்து வந்த நண்பர்

இந்த வாழ்க்கையில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. கோலாலம்பூரின் பெருஞ்செல்வர் லோக் இயூவின் மகன் லோக் வான் தோ 1915இல் பிறந்தவர். கேத்தே திரையரங்குகளின் உரிமையாளர் என்றே அவரைப் பலர் அறிவார்கள். 1942 பிப்ரவரியில் ஜப்பானியரிடம் சிங்கப்பூர் வீழும் தறுவாயில் அவர் ஏறித் தப்பிய கப்பல் குண்டுவீச்சுக்கு இலக்கானது. தீக்காயங்களோடு, கண்பார்வையும் தற்காலிகமாக மங்கி, ஜாவா வழியாக இந்தியா போய்ச் சேர்ந்தார். பம்பாயில் சலீம் அலியைச் சந்தித்தார்.

போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த இளைஞருக்கும் மனைவியை இழந்திருந்த அறிஞருக்கும் பறவைகள் வழியாக நட்பு மலர்ந்தது. இருவரும் சேர்ந்து பல பயணங்கள் போனார்கள். லோக் தேர்ந்த பறவைப் புகைப்படக் கலைஞர் ஆனார். போர் முடிந்து தொழில் மீண்டும் தழைத்தபின் சலீம் அலியின் பயணங்களுக்கும் கழகத்துக்கும் பொருளுதவி செய்தார். அவருடைய கேத்தே கெரிஸ் நிறுவனம் 1957இல் பி. என். ராவ் இயக்கத்தில் பொந்தியானாக் பேய்ப் படத்தை வெளியிட்டு மலாயாவையே இரவில் நடுங்க வைத்தது. அதே ஆண்டில்தான் முதலாளியின் பறவைப் படங்களும் நூலாக வெளிவந்தன. இரவின் ஓசைக்குப் பேய் என்று பெயர் வைப்பதும் பறவை என்று பெயர் வைப்பதும் ஒரே கூரையின் கீழே நடந்தன! 1964 ஜூன் 20ஆம் நாள் தைவானில் நடந்த விமான விபத்தில் லோக் மாண்டார். அப்போது அவருக்கு வயது 49.

குரலுக்குப் பெயர் வைப்பது

பறவையைத் தேடுபவருக்குக் கண்ணைவிடக் காது பெரிய கருவி. காட்டில் பத்துப் பறவைகளைக் கேட்டால் இரண்டைப் பார்க்கலாம். ஆனால் கேட்டதைப் பிறருக்கு எப்படிச் சொல்வது? கையில் எடுத்துச் செல்லும் ஒலிப்பதிவுக் கருவி இல்லாத காலத்தில் குரலைச் சொல்லில் எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தச் சொல் ஊருக்கு ஊர் மாறும். மழைக்கு முன் விடாமல் கூவும் ஒரு பறவையைத் தமிழர் அக்கா அக்கா என்று கேட்டு அக்காக்குயில் என்றார்கள். இந்திக்காரர் அதையே என் காதலர் எங்கே என்று கேட்டார்கள். மராத்தியர் மழை வந்தது என்று கேட்டார்கள். ஆங்கிலேயர் மூளைக்காய்ச்சல் என்று கேட்டார்கள்! பறவை ஒன்றுதான், அவரவர் மனத்தில் உள்ளதைக் காது கேட்கிறது.

இலங்கையில் உலமா என்றொரு பேய்ப்பறவைக் கதை உண்டு. நள்ளிரவில் காட்டில் பெண் அலறுவதுபோல் கேட்கும் அந்தக் குரல் எந்தப் பறவையுடையது என்று நூறாண்டுக்கு மேலாக வாதிட்டார்கள். பெரிய கொம்பன் ஆந்தை ஒன்றின் குரல் என்பதே இன்று பலரும் ஏற்கும் முடிவு. விடை வர இத்தனை காலம் ஏன்? குரல் இரவில் வருகிறது. உடல் பகலில் கிடைக்கிறது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர் இருந்தால்தான் பெயர் உறுதியாகும்.

சலீம் அலியின் வாழ்நாளில் இப்படிச் சேராமலே நின்ற ஒரு பறவை உண்டு. அதன் குரல் என்னவென்றே அவர் காலத்தில் எந்த நூலிலும் இல்லை.

கலிவிக் கோடி

சென்னை மாகாணத்தில் படை மருத்துவராக இருந்த ஜெர்டான், இன்றைய ஆந்திராவின் புதர்க்காட்டில் கண்டறிந்த பறவை அது. 1848இல் அதற்கு அறிவியல் பெயர் இடப்பட்டது. கல்குருவி இனம், சுமார் 27 சென்டிமீட்டர் நீளம், மார்பில் இரண்டு பட்டைகள், முகத்தை மீறிய பெரிய கண்கள். ஊர்க்காரர்கள் கலிவிக் கோடி என்கிறார்கள். கோடி என்றால் தெலுங்கில் கோழி. 1900ஆம் ஆண்டில் அனந்தப்பூர் பக்கம் காணப்பட்டதோடு அது மறைந்துபோயிற்று. பறவையியலாளர்கள் மீண்டும் மீண்டும் தேடினார்கள். சலீம் அலியும் தேடினார். கிடைக்கவில்லை. அழிந்திருக்கலாம் என்றே பலர் எண்ணினார்கள்.

தொலைந்த பறவைகள் எல்லாம் அவருக்குக் கைநழுவின என்று சொல்லக் கூடாது. ஃபின் தூக்கணாங்குருவி என்னும் மறைந்த பறவையை 1959இல் இமயமலை அடிவாரத்தில் மீண்டும் கண்டார். ஆனால் ஏமாந்ததும் உண்டு. காட்டுச் சிற்றாந்தை ஒன்றைத் தேடியவர்கள் குஜராத்தில் 1914இல் கிடைத்ததாக மைனர்ட்ஸ்ஹாகன் என்னும் ஆங்கிலேயர் காட்டிய சான்றை நம்பினார்கள். 1937இல் ஆப்கானிஸ்தானுக்குச் சலீம் அலி அவரோடு பயணம் போனவர். அந்தச் சான்று பொய் என்பது பின்னாளில் வெளிப்பட்டது. அருங்காட்சியகத்திலிருந்து எடுத்த பழைய உடலுக்கு அவர் புதுச்சீட்டு ஒட்டியிருந்தார். பொய் விலகிய பிறகு, பழைய உண்மையான சான்றுகளின் வழியே தேடிய பமேலா ராஸ்முசன் குழுவினர் 1997இல் மகாராஷ்டிரத்தில் அந்த ஆந்தையைக் கண்டார்கள். சலீம் அலி மறைந்து பத்தாண்டு ஆகியிருந்தது. ஒருவர் எழுதிய ஒரு சிறு பொய்ச்சீட்டு எத்தனை பேருடைய நடையை வீணாக்கியது என்பதை, ஆய்வேடு எழுதும் நாம் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும்.

கலிவிக் கோடியின் கதை வேறு. பம்பாய்க் கழகத்தின் இளம் ஆய்வாளர் பரத் பூஷண், கடப்பை மாவட்டத்துச் சிற்றூர்களில் பறவையின் படத்தைக் காட்டி விசாரித்துக்கொண்டே போனார். புதர்க்காட்டில் பறவை பிடிப்பதில் தேர்ந்த ஐத்தன்னா என்னும் ஊர்க்காரருக்கு அது தெரிந்திருந்தது. 1986 ஜனவரியில் ரெட்டிப்பள்ளி அருகே இரவில் கைவிளக்கு வெளிச்சத்தில் அவர் அந்தப் பறவையைப் பிடித்தார். 86 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த சான்று! அதுவரை பலர் பகலில் தேடினார்கள். அது இரவில் நடமாடும் பறவை. அந்தப் பெரிய கண்கள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. நூல்கள் அறியாததை ஒரு கிராமத்தார் அறிந்திருந்தார். அவரிடம் போய்க் கேட்க யாராவது வேண்டியிருந்தது. மஞ்சள் தொண்டைக் குருவியோடு நின்ற சிறுவன், எண்பத்தொன்பது வயதில், இந்தச் செய்தியைக் கேட்கும் பேறு பெற்றார்.

1987இல் சலீம் அலி காலமானார். பத்மபூஷண், பத்மவிபூஷண் பட்டங்களும், கெட்டி விருதும், 1985இல் இந்திய நாடாளுமன்ற மேலவையின் நியமன உறுப்பினர் பதவியும் பெற்றிருந்தார். விருதுப் பணத்தைக் கழகத்துக்கே கொடுத்தார். பரத்பூர் நீர்நிலையும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கும் காக்கப்பட்டதில் அவர் குரலுக்கு இடமுண்டு. தமிழ்நாட்டிலும் அவர் தடம் உண்டு. கோடிக்கரையில் வலசைப் பறவைகளின் கால்களில் வளையமிட்டு அவற்றின் பயணத்தை அறியும் பணியைக் கழகம் அவர் வழிகாட்டுதலில் செய்தது. கோவை ஆனைக்கட்டியில் 1990இல் தொடங்கிய பறவையியல் மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தேனி மாவட்டத்து மேகமலைக் காடுகளில் கண்டறிந்த அரிய பழந்தின்னி வௌவாலுக்கும் அவர் பெயரே.

அந்தியில் இரண்டு சுரம்

அவர் மறைந்த பிறகும் அந்தத் தேடல் முடியவில்லை. பறவை கிடைத்தது, குரல் கிடைக்கவில்லை. 2000ஆம் ஆண்டளவில் கழகத்தின் சார்பில் தமிழரான ப. ஜெகநாதன் கடப்பைப் புதர்க்காட்டில் ஆய்வைத் தொடங்கினார். மண்ணைச் சலித்து நீளப் பட்டைகளாகப் பரப்பி, இரவில் அதன்மேல் நடந்த பறவையின் கால்தடத்தைக் காலையில் படித்தார்கள். தானாக இயங்கும் காமிராக்களைப் புதருக்குள் வைத்தார்கள். அப்படித்தான் பறவை நடமாடும் இடங்கள் ஒவ்வொன்றாகப் புலப்பட்டன.

அந்தக் காட்டில் சூரியன் மறைந்து இருட்டும் வேளையில் ஒரு குரல் எழும். இரண்டு சுரம், குவிக்கூ, குவிக்கூ என்பதுபோல் சில நிமிடமே கேட்டு அடங்கிவிடும். தாமதமாக வருபவர் அதைத் தவறவிடுவார். முன்னதாகக் கிளம்புபவரும் தவறவிடுவார். அதுதான் கலிவிக் கோடியின் குரல் என்று உறுதி செய்து, முதன்முதலாகப் பதிவு செய்த செய்தியை ஜெகநாதனும் அவருடன் பணியாற்றிய வாட்டனும் 2004இல் வெளியிட்டார்கள். ஜெர்டானுக்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு கழித்து அந்தப் பறவைக்குக் குரல் கிடைத்தது.

குரல் தெரிந்ததால் என்ன பயன் என்று கேட்கலாம். பார்க்க முடியாத பறவையை அதன் பிறகு கேட்டே தேட முடிந்தது. பதிவை அந்தியில் ஒலிக்கவிட்டு, பதில் வருகிறதா என்று காத்திருந்தால் போதும். இந்த அறிவு விரைவிலேயே தேவைப்பட்டது. கிருஷ்ணா நீரைச் சென்னைக்குக் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய் வேலை 2005இல் அந்தப் பறவையின் வாழிடத்தை நெருங்கியது. மக்களின் தாகமும் ஒரு பறவையின் கடைசி இடமும் எதிரெதிரே நின்றன. பறவை இங்கே இருக்கிறது என்று ஆய்வாளர்களால் சான்றோடு காட்ட முடிந்தது. கால்வாயின் தடம் மாற்றப்பட்டது. தண்ணீரும் போயிற்று, காடும் தப்பியது.

ஆனால் கதை மங்களமாக முடிந்துவிடவில்லை. அதற்குப் பின் சில ஆண்டுகளிலேயே கலிவிக் கோடி மீண்டும் கண்ணில் படாமல் போயிற்று. பத்தாண்டுக்கும் மேலாக ஒரு செய்தியும் இல்லை. 2025இல் ஆந்திராவில் பறவை ஆர்வலர் சிலர் இரவில் அதன் குரலைப் பதிவு செய்த செய்தி வந்தது. கண்ணால் கண்டதன்று, காதால் கேட்டது. அந்தக் குரலை அடையாளம் காண முடிந்ததே, இருபது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் அந்தியில் காத்திருந்து அதற்குப் பெயர் எழுதி வைத்ததால்தான்.

இன்று நம் கைப்பேசியை நீட்டினால் ஒரு செயலியே பறவையின் பெயரைச் சொல்லிவிடுகிறது. வசதிதான். எனினும் அந்தச் செயலிக்குத் தெரிந்த ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும், தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு தேடிப்போன ஒரு மனிதர் இருக்கிறார். தெரியாது என்று சொன்ன மாமா, பெட்டியைத் திறந்து காட்டிய மில்லார்ட், கைவிளக்கோடு போன ஐத்தன்னா, மண்ணைச் சலித்துப் பரப்பிய தமிழர் எல்லாரும் அந்த வரிசையில் இருப்பவர்கள்தாம். சலீம் அலிக்குப் பட்டம் இல்லாதது குறையாக இல்லை. கேட்கக் கூச்சப்பட்டிருந்தால்தான் எல்லாம் கெட்டிருக்கும்.

சென்ற விடுமுறையில் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். தோட்டம் துண்டாடப்பட்டு லயம் இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. பாட்டி இப்போது அத்தை வீட்டில் இருக்கிறார். பின்பக்கம் மிச்சமிருக்கும் சிறு காட்டிலிருந்து அன்றிரவும் அந்தத் தட்டல் கேட்டது. அது பக்கி என்றேன். படத்தைக் காட்டினேன். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, பால் வெட்டப் போகும் விடியற்காலையில் தம் காலடியிலிருந்து பலமுறை எழுந்து பறந்த பறவை இதுதான் என்றார். அவருக்குப் பறவையும் தெரிந்திருந்தது, குரலும் தெரிந்திருந்தது. இரண்டும் ஒன்று என்று சொல்லத்தான் அறுபது ஆண்டாக யாரும் இல்லை.

அன்றிரவு கதவைச் சாத்தவில்லை.